உஷார்! நனைந்த கம்ப்யூட்டரைப் ‘போட்டுப் பார்க்காதீர்கள்’

மேசையில் டம்ளர் சாய்கிறது. சிபியு பெட்டியின் மேல்புற வலை வழியாகக் காபி உள்ளே இறங்குகிறது. திரை அணைகிறது. துணியால் துடைக்கிறார்கள், ஃபேனுக்குக் கீழே வைக்கிறார்கள். அரை மணி நேரம் போனதும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: “காஞ்சிருக்கும், ஒரு தடவை போட்டுப் பாரு.” காபி விட்டுவைத்த மதர்போர்டைத் தீர்த்துக்கட்டுவது அந்த ஒரு தடவைதான்.

தண்ணீர் பட்ட மாத்திரத்தில் சர்க்யூட் போர்டு செத்துவிடாது. தொழிற்சாலையிலேயே போர்டுகளைத் தண்ணீர் கொண்டு கழுவுவது உண்டு. ஈரமும் மின்சாரமும் ஒரே நேரத்தில் சேர்வதுதான் வினை. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நம் வீட்டில் கொட்டுவது அந்தத் தண்ணீரா? போர்வெல் தண்ணீரில் உப்பு, காபியில் பால், கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், இளநீரில் பொட்டாசியம். எல்லாமே மின்சாரத்துக்கு வழிவிடுபவை.

உடனே ஷார்ட் ஆனால் ஒரு சிப் கருகும். அப்படி ஆகாவிட்டாலும் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. ஈரத்தின் ஊடே மின்னழுத்தம் இருக்கும்வரை சிப்பின் ஒரு காலின் உலோகம் கரைந்து, பக்கத்துக் காலில் இழை இழையாகப் படியும். பச்சையும் வெள்ளையுமாக அரிப்பு பிடிக்கும். கொட்டிய அன்று ஓடிய கம்ப்யூட்டர் சில வாரம் கழித்துப் படுப்பது இதனால்தான்.

ஷட் டவுன் செய்தால் போதாது

விண்டோஸை மூடினாலும், பிளக் சொருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஒரு 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பல போர்டுகளில் எரிகிற சின்ன விளக்கு அதற்குச் சாட்சி.

சுவர் சுவிட்சை அணைத்தால்? நடுவில் யூபிஎஸ் இருந்தால், அது “கரன்ட் போய்விட்டது” என்று நினைத்து பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். அதனால் சுவர் சுவிட்ச், யூபிஎஸ் இரண்டையும் அணைத்துவிட்டு, சிபியுவின் பின்னால் இருக்கும் பவர் கேபிளையே உருவுங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் உயிர். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு வேண்டும். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வரை ஈரம் பரவியிருந்தால் கிட்டேயே போகாதீர்கள், மெயின் பெட்டியில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். அதையும் நிறுத்த வேண்டும். எர்த் சரியில்லாத வீட்டில் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சாதாரண நாளிலேயே சுரீர் என்னும். ஈரக்கையோடு தொடவே கூடாது. மின்கசிவைக் கண்டால் அணையும் ஆர்சிசிபி சுவிட்ச் தானாக விழுந்திருந்தால் அது எச்சரிக்கை. மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்காதீர்கள்.

கேபிளை உருவியதும், போர்டில் விளக்கு அணையும்வரை பொறுத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பெட்டியைக் குலுக்கவோ உருட்டவோ வேண்டாம். நனையாத பாகத்துக்கும் ஈரம் போய்ச் சேரும். பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு படுக்கை வாட்டில் இருப்பதால் அதன் முதுகில் திரவம் தேங்கி நிற்கும். அதையும் ரேமையும் கழற்றிவிடுங்கள். காசு போல இருக்கும் சிஆர்2032 செல்லையும் எடுத்துவிடுங்கள். கேபிள் இல்லாத போதும் அதில் 3 வோல்ட் இருக்கிறது.

கீபோர்டில் மட்டும் கொட்டியிருந்தால் பிழைத்தீர்கள். அதன் வயரை உருவிக் கவிழ்த்து வையுங்கள். போனாலும் போவது கீபோர்டு மட்டும்தான்.

இந்தக் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்

அரிசி: ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, அதன் தூள்தான் ஸ்லாட்டுக்குள் போகும். நனைந்த ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லிவிட்டது.

ஹேர் டிரையர்: சூட்டில் பிளாஸ்டிக் வளையும், காற்றின் வேகத்தில் ஈரம் சிப்புகளுக்கு அடியில் ஒளியும்.

சானிடைசர், தின்னர், பெட்ரோல்: முதலாவது பிசுக்கை விட்டுச் செல்லும்; மற்ற இரண்டும் பிளாஸ்டிக்கைத் தின்னும், தீயும் பிடிக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது: இதுதான் ஆளைக் கொல்லக்கூடியது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட், அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரமாகி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கை உருவிய பிறகும் அது மிச்சமிருக்கலாம். உள்ளே ஈரம் போயிருந்தால் புதிது வாங்குங்கள். பழையதைச் சோதிக்கவே வேண்டாம்.

காய்ந்தது வேறு, சுத்தமானது வேறு

தண்ணீர் ஆவியாகிவிடும். சர்க்கரையும் பாலும் உப்பும் ஆவியாகாது. அவை போர்டிலேயே படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை மறுபடி உறிஞ்சும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். ஆகவே 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, மென்மையான பிரஷ்ஷால் பிசுபிசுப்பு போகும்வரை துலக்க வேண்டும். அது எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பிறகு நிழலில், ஃபேன் காற்றில், குறைந்தது இரண்டு நாள்.

பெரிய சிப்புகளுக்கு அடியில் காபி போயிருந்தால் பிரஷ் எட்டாது. ‘சிப் லெவல் சர்வீஸ்’ செய்யும் கடைக்கு எடுத்துப் போங்கள். அங்கே உண்மையைச் சொல்லுங்கள். “தானா ஆஃப் ஆயிடுச்சு” என்று மழுப்பினால், அவர் முதல் வேலையாக பிளக்கைச் சொருகுவார்!

மறுபடி போடும்போது

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போடாதீர்கள். ஈரம் படாத எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, ஃபேனோடு பிராசஸர், ஒரே ஒரு ரேம். பிராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கிராபிக்ஸ் கார்டும் இப்போது வேண்டாம். ஹார்டு டிஸ்க் கண்டிப்பாக வேண்டாம்.

ஃபேன் ஒரு துள்ளல் துள்ளி நின்றால், எங்கோ ஷார்ட் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள்.

யூஎஸ்பியில் மின்சாரம் மிகுதி என்று ஒரு செய்தி காட்டி, 15 நொடியில் அணைந்தால், முதல் சந்தேகம் முன்பக்க யூஎஸ்பி துளைகள் மேல். போர்டில் அதன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்.

ஓடுகிறது, படம் வரவில்லை என்றால் ரேம் ஸ்லாட்டைப் பாருங்கள். எழுத்துகள் தானாக விழுந்தால் கீபோர்டு. தேதியும் நேரமும் மாறியிருந்தால் பயம் வேண்டாம். செல்லைக் கழற்றியதன் விளைவு அது. கருகல் வாடை வந்தால் யோசிக்காமல் கேபிளை உருவுங்கள்.

கொட்டாமலும் நனையும்

கொட்ட ஆளே வேண்டாம். தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்ட ஸ்பிளிட் ஏசி, கீழே இருக்கும் சிபியு மேல் ராவெல்லாம் சொட்டும். தரை துடைக்கும் தண்ணீர், தரையில் வைத்த பெட்டிக்குள் புகும். கேமிங் கம்ப்யூட்டரில் லிக்விட் கூலரின் குழாயே கசியலாம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளின் தரைத்தளத்தில் வெள்ளம் நுழைந்தது. சாக்கடை கலந்த அந்தத் தண்ணீரில் மூழ்கிய பெட்டியை வீட்டில் சோதிக்கவே கூடாது. பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள்; ஏசிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்; அதன் தலையில் டம்ளர், பூந்தொட்டி எதுவும் வேண்டாம்.

போர்டு போனால் வேறு வாங்கலாம். குழந்தையின் படங்களும் கடைக் கணக்கும் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளில் காற்று போக ஒரு நுண்துளை உண்டு. அது வரை ஈரம் போயிருந்தால் மின்சாரமே கொடுக்காமல் டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள். டிஸ்க் நல்லபடி இருந்தாலும் இன்னொரு பூட்டு காத்திருக்கலாம். விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும்; செல்லைக் கழற்றி மாட்டிய பிறகு அதே கம்ப்யூட்டரும் கேட்கலாம். எண் இல்லையென்றால் டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை.

அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும் இன்றைக்கே அதைத் தேடிக் காகிதத்தில் எழுதி வையுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். கொட்டிய பிறகு இந்த இரண்டையும் செய்ய முடியாமல் போகலாம்.