மெழுகும் சாயமும்: அலுவிகாரையில் ஒரு பகல்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியில் வருகிறவர்கள் அலுவிகாரையில் பஸ்ஸை விட்டு இறங்குவது பெரும்பாலும் கற்குகை விகாரையைப் பார்ப்பதற்காகத்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த நூல்கள் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது என்று பள்ளிக்கூடத்தில் நாமும் படித்திருக்கிறோம். அதே ஊரில், ஏற்றமான பாதையொன்றில் நடந்தால் இன்னோர் இடம் வரும். மாத்தளை மரபுரிமை நிலையம் என்று பெயர். சில வருடங்களுக்கு முன்னர் உம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன்.

கண்ணாடிப் பெட்டிகளும் 'தொடாதீர்கள்' என்ற அறிவித்தலும் உள்ள நூதனசாலையை எதிர்பார்த்து வந்த மகளுக்கு முதலில் ஏமாற்றந்தான். மரங்களுக்கிடையே சில வீடுகள், சில பட்டறைகள், அவ்வளவே. ஆனால் முடிந்த துணி ஒரு பக்கம் தொங்க, துணி உருவாகும் மெழுகுச் சட்டி இன்னொரு பக்கம் கொதித்துக்கொண்டிருப்பதை எந்த நூதனசாலையில் பார்க்க முடியும்? பத்திக், பூவேலைத் தையல், மரவேலை, பித்தளை வேலை எல்லாம் அங்கு நடந்தன.

இதை உருவாக்கியவர் ஏனா டி சில்வா (1922–2015). தந்தையார் சேர் ரிச்சர்ட் அலுவிகாரை, பொலிஸ் மா அதிபர் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். கணவர் ஒஸ்மன்ட் டி சில்வாவும் பின்னர் அதே பதவியை வகித்தவர். வசதியான வீட்டுப் பெண், பொழுதுபோக்காகத் துணிக்குச் சாயம் போட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். 1960களில் தம் மகன் அனில் ஜயசூரியவோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் சேர்ந்து பத்திக் கலையை இந்நாட்டில் மதிப்புள்ள தொழிலாக நிமிர்த்தியவர் அவர். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்துக் கூரை முழுவதும் அவருடைய பத்திக் துணிகள். 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றத்திலும் அவருடைய கொடிகள் தொங்கின. இரண்டு கட்டடங்களையும் வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. பெயரைக் கேட்டதும் 'நம்மவரா?' என்றார் உம்மா. அவருடைய தந்தைவழிப் பாட்டனார் முஸ்லிம்தான்.

1980களில் ஏனா ஊருக்கே திரும்பி வந்தார். கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பிறந்த மண்ணிலேயே வேலையைத் தொடர்ந்தார்.

பத்திக் என்றால் சாயம் போடுவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது சாயத்தைத் தடுக்கும் வேலை. பருத்தித் துணியைக் கழுவிக் கஞ்சியை நீக்கி, கோலத்தை வரைகிறார்கள். எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அங்கே உருக்கிய மெழுகு. மெழுகு ஆறியிருந்தால் நூலுக்குள் இறங்காது. அதிகம் கொதித்தால் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். பாகு பதம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பிறகு முதலில் வெளிர் நிறத்தில் முக்கி உலர்த்தி, அந்நிறம் நிலைக்க வேண்டிய இடத்துக்கு மறுபடி மெழுகு. அடுத்துக் கடும் நிறம். சாயத் தண்ணீர் சூடாக இருந்தால் மெழுகு இளகி எல்லாம் பாழ். கடைசியில்தான் கொதிநீர், மெழுகு மேலே மிதந்து வர, அத்தனை நாள் ஒளிந்திருந்த கோலம் வெளிப்படும்.

மெழுகு நொறுங்கிய இடங்களில் சாயம் கசிந்து நரம்பு போல் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் ஒரு துணியில் இருப்பது போல் இன்னொன்றில் இரா. கடையில் 'பத்திக்' என்று தந்தால் மறுபக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே நிறம் வெளுத்திருந்தாலோ, நரம்புக் கோடு அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தாலோ, அது இயந்திரம் அடித்த துணி. கையால் செய்ததில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே நிறம்.

இந்தக் கலை நமக்கு முற்றிலும் அந்நியமும் அன்று. ஜாவாவின் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது; இந்தோனேசிய பத்திக்கை யுனெஸ்கோ 2009இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டு மலாய்க் குடும்பங்களின் அலுமாரிகளிலும் பத்திக் சாரம் இருக்கும். கொடியும் பூவும் வட்டமுமாக வரும் கோலங்கள், உருவப்படம் வேண்டாம் என்கிற வீட்டுச் சுவருக்கும் பொருந்தும்.

விலையைக் கேட்டதும் "இவ்வளவா?" என்றார் உம்மா. அது பட்டறையைப் பார்ப்பதற்கு முன். பிறகு ஒரு பெண் மெழுகுக் கோடு இழுப்பதை அரை மணி நேரம் நின்று பார்த்தார். பூவேலைப் பகுதிக்கு வந்ததும் துணியைத் திருப்பி முடிச்சுகளைத் தடவிப் பார்த்தார். தையற்காரிகளின் பழக்கம் அது. "பின்பக்கமும் சுத்தம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

பிள்ளைகள் சிறுவர்களாயிருந்த காலத்தில் உம்மாவும் பெருநாளுக்கு முன்னர் ஒரு வியாபாரிக்குத் தொப்பி தைத்துக் கொடுத்தவர்தான். ஒன்றுக்கு இவ்வளவு என்று சில்லறை வரும். நூலுக்கும் லாம்பெண்ணெய்க்கும் அதில் பாதி போய்விடும். கண் கெட்டது மிச்சம். ஒரே ஊசி, ஒரே நூல்தான். ஏனாவின் பெண்கள் தைத்ததற்குச் சுவரும் பெயரும் கிடைத்தன. உம்மாவின் தொப்பிகள் யார் தலைக்குப் போயின என்பதே தெரியாது. நம் வீடுகளில் இப்படி எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டேதான் இறக்கத்தில் நடந்தேன்.

அன்று இரவு உம்மா தமது பழைய தகரப் பெட்டியைத் திறந்தார். கலியாணத்துக்கென்று தாமே தைத்த தலையணை உறைகள் இரண்டு, மஞ்சளித்துப் போயிருந்தன. மகள் ஒன்றை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் நேரே பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"உம்மும்மா, இந்த முடிச்சு எப்படிப் போட்டீங்க?"

"ஊசியக் கொண்டா" என்றார் உம்மா.