எல்லா நட்டுக்கும் ஒரே ஸ்பேனரா?



என் மாமா ஒரு கருப்புச் சட்டைக்காரர். கடவுளை மறுத்தவர். ஆனால் குடியை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை. அம்மாவும் உறவினர்களும் அவரைக் குலதெய்வக் கோயிலுக்கு இழுத்துப் போய், "இனி தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார்கள். அவர் பண்ணவில்லை. வீட்டில் ஒரே சண்டை. அன்று இரவு என்னிடம் கேட்டார்: "நம்பாத சாமி மேல பண்ணா அது சத்தியமாடா மாப்ளே? விடணும்னுதான் எனக்கும் ஆசை. அதுக்குப் பொய் சொல்லித்தான் ஆகணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான், இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது என்று தெரிந்தது.

பன்னிரண்டு படிகள்

1935-ல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியால் கெட்ட இருவர் சந்தித்தனர். ஒருவர் பில் வில்சன், மற்றவர் டாக்டர் பாப் ஸ்மித். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்தது. கட்டணம் கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். 1939-ல் வந்த அவர்களது நூல் பன்னிரண்டு படிகளைச் சொன்னது. தன்னைவிடப் பெரிய சக்தியை நம்புவது, கடவுளிடம் வாழ்வை ஒப்படைப்பது, பிரார்த்தனை ஆகியவை அதில் உண்டு.

இதைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. 2020-ல் வந்த காக்ரேன் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. குடியை அடியோடு நிறுத்துவதில் இவ்வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல என்றது. விரும்பிப் போகிறவனுக்கு நல்ல வழிதான்.

விரும்பாதவனைத் தள்ளினால்?

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் பல சிறைகளும் நீதிமன்றங்களும் "இந்தக் கூட்டத்துக்குப் போனால்தான் சலுகை, போகாவிட்டால் தண்டனை" என்றன. நியூயார்க்கில் கடவுள் நம்பிக்கையில்லாத ஒரு கைதிக்கு, குடும்பத்தாரோடு தங்கியிருக்கும் சலுகை வேண்டுமானால் பன்னிரண்டு படி வகுப்புக்கு வர வேண்டும் என்று நிபந்தனை. 1996-ல் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், மதச்சார்பற்ற மாற்று வழி தராமல் அப்படிக் கட்டாயப்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2007-ல் ஹவாயைச் சேர்ந்த ஒரு பௌத்தரின் வழக்கிலும் இதே கருத்து. கலிபோர்னியாவில், நிபந்தனையின் பேரில் விடுதலையான ஒரு நாத்திகர், இதை எதிர்த்ததால் மீண்டும் சிறைக்குப் போனார். 2014-ல் அவருக்கு 19 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கிடைத்தது!

மாற்று வழிகள் எவை?

1975-ல் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற பெண்மணி, பெண்களுக்காகவே 'விமன் ஃபார் சோப்ரைட்டி' அமைப்பைத் தொடங்கினார். 1980-களில் ஜேம்ஸ் கிறிஸ்டோபர், கடவுள் பேச்சில்லாத எஸ்.ஓ.எஸ். குழுக்களைத் தொடங்கினார். 1994 முதல் 'ஸ்மார்ட் ரெக்கவரி' என்ற பெயரில் இயங்கும் அமைப்புக்கு நான்கே அம்சங்கள்: விட வேண்டுமென்ற உறுதியை வளர்ப்பது, குடிக்கத் தோன்றும் உந்துதலைச் சமாளிப்பது, எண்ணத்தையும் நடத்தையையும் சரிசெய்வது, வாழ்க்கையைச் சமநிலைக்குக் கொண்டுவருவது. உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸின் கருத்துகள் இதற்கு அடிப்படை.

செய்முறை நம் பிராக்டிகல் நோட்டு மாதிரி எளிது. ஒரு தாளில் நான்கு கட்டம் போடு. குடித்தால் என்ன லாபம், என்ன நஷ்டம்? விட்டால் என்ன லாபம், என்ன நஷ்டம்? ஒளிக்காமல் எழுது. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது ஆசை வருகிறது என்று குறித்து வை. ஆசை அலை மாதிரி. ஏறும், விட்டுவிட்டால் தானே இறங்கும்.

மருத்துவமும் உண்டு. நால்ட்ரெக்சோன் என்ற மருந்தைக் குடிநோய்க்காக அமெரிக்க அரசு 1994-ல் அனுமதித்தது. ஒரு எச்சரிக்கை நண்பர்களே: நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் நட்டின் அளவு பார்த்துத்தானே ஸ்பேனர் எடுக்கிறோம்? பொருந்தாததைப் போட்டு அழுத்தினால் நட்டின் முனைதான் மழுங்கும். மனிதனுக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாமா?

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். "நாலு கட்டம்தானே, போட்டுப் பார்ப்போம்" என்றார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். பொங்கலன்று ஒருமுறை சறுக்கினார். மறுநாள் அதையும் நோட்டில் எழுதினார். நோட்டு தொடர்கிறது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் அவருக்காக விளக்கேற்றுகிறாள். மாமா அதைத் தடுப்பதில்லை.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்