'முன் அனுபவம்: இல்லை' என்று எழுதப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

கல்லூரி முடித்த கையோடு வேலை தேடும் இளைஞர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு முதன்முறையாக வேலைக்குக் கிளம்பும் அம்மாக்கள்... ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால் இரு தரப்பும் திணறுவது ஒரே இடத்தில்தான். 'முன் அனுபவம்' என்ற இடம். சிலர் அங்கே கோடு போட்டுவிடுகிறார்கள். சிலர் தெரிந்தவர் கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பொய் என்று பின்னால் தெரிந்தால் கிடைத்த வேலையும் போய்விடும்.

சம்பளம் வாங்காமல் செய்ததும் வேலைதான். மகளிர் சுயஉதவிக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-ல் தருமபுரியில் தொடங்கி, இன்று ஊர்தோறும் இருக்கும் குழுக்கள் இவை. அதில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்த பெண்கள்கூட, 'குழு உறுப்பினர்' என்று இரண்டே வார்த்தையில் எழுதி முடித்துவிடுகிறார்கள். படிக்கும் மேனேஜருக்கு அதிலிருந்து என்ன தெரியும்?

அங்கே நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று யோசியுங்கள். ரொக்கப் புத்தகம் எழுதினீர்கள். சேமிப்பை பேங்கில் கட்டினீர்கள். கடனுக்காக பேங்க் அதிகாரியிடம் பேசினீர்கள். தவணை கட்டாதவர் வீட்டுக்குப் போய், மனம் நோகாமல் பேசி வசூலித்தீர்கள். ஜவுளிக்கடை கேஷ் கவுன்ட்டரும் மருத்துவமனை வரவேற்பறையும் கேட்பது இந்தத் திறமையைத்தானே! அதனால் இப்படி எழுதுங்கள்: '15 உறுப்பினர்கள் கொண்ட மகளிர் குழுவின் வரவு செலவுக் கணக்கை 4 ஆண்டுகள் எழுதினேன். மாதத் தவணையை வசூலித்து வங்கியில் செலுத்தினேன்.' எண்கள் உங்களுடையதாக, உண்மையானதாக இருக்க வேண்டும். அதை உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் பெயரையும் போன் நம்பரையும், அவரிடம் கேட்டுக்கொண்டு, கடைசியில் போடலாம்.

டியூஷன் எடுத்தது, பிளவுஸ் தைத்துக் கொடுத்தது எல்லாமே இதே கணக்கில் வரும். மாணவர்கள் என்றால் என்.எஸ்.எஸ். முகாமில் ஏற்ற பொறுப்பு, இறுதியாண்டு புராஜெக்ட்டில் தன் பங்கு, லீவில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்திருந்தால் மறக்காமல் எழுதுங்கள். வேலை விளம்பரம் எதைக் கேட்கிறதோ அது தொடர்பானது மேலே வரட்டும்.

வீட்டில் இருந்த வருடங்களை மறைக்க வேண்டியதில்லை. '2012 - 2024: குடும்பப் பொறுப்பு' என்று ஒரே வரி போதும். லிங்க்ட்இன் தளமே 2021-ல் 'இல்லத்தரசி' என்பதைப் பணிப்பெயராகக் குறிப்பிட வழி செய்துவிட்டதே!

ஒரு விஷயம். நம் ஊரில் பயோடேட்டா என்றாலே கல்யாண ஜாதகத்தோடு கொடுக்கும் தாள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பழக்கத்தில் சாதி, மதம், உயரம், நிறம், அப்பாவின் வேலை எல்லாம் வேலைக்கான ரெஸ்யூமேயிலும் ஏறிவிடுகின்றன. எதுவும் தேவையில்லை. ஆதார் எண் கூடவே கூடாது. அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. 'சவாலான பணிச்சூழலில் என் திறமையை...' என்று தொடங்கும் கடன் வாங்கிய வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பி.டி.எஃப். ஆக, ஃபைலுக்கு உங்கள் பெயரையே வைத்து அனுப்புங்கள். இன்டர்வியூவில், 'தவணை கட்டாதவங்ககிட்ட எப்படி வசூல் பண்ணீங்க?' என்று கேட்டால் சொல்வதற்கு, நிஜமாக நடந்த ஒரு சம்பவத்தை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.