பேட்டரிப் பெட்டிக்கு ஓர் உட்கவசம்

மின்தடை வேளைகளில் நம் இல்லங்களுக்கு ஒளியும் காற்றும் தருவது இன்வெர்ட்டர். அதன் பேட்டரிக்குத் தச்சரிடம் சொல்லி மரப்பெட்டி செய்துகொள்வோர் நம்மில் உண்டு. பெட்டி உறுதியாக இருந்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். எடையைத் தாங்குவது மட்டுமே மரத்தின் பணி; கசியும் அமிலத்தைத் தடுத்து நிறுத்துவது உட்கவசத்தின் பணி.

ஈய-அமில பேட்டரியின் திரவத்தில், முழு மின்னேற்றத்தின்போது, எடையளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இத்திரவம் 10 லிட்டருக்கும் மேல் இருக்கும். அளவுக்கு மிஞ்சி நீர் ஊற்றினாலோ, பேட்டரியில் விரிசல் கண்டாலோ அது வெளியேறும். இரும்பை அரிக்கும்; பளிங்குத் தரையையும் சிமென்ட் பூச்சையும் சிதைக்கும். தவழும் குழந்தையின் கை அங்கே பட்டால் நேரும் துன்பத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வமிலம் பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன் ஆகிய பிளாஸ்டிக் வகைகளைத் தாக்குவதில்லை. பேட்டரியின் வெளிக்கூடே பாலிபுரொப்பிலீனால் ஆனதுதான். எனவே, பெட்டியினுள் பொருந்தும் தடித்த பிளாஸ்டிக் தொட்டியை வைப்பதே எளிய வழி. விரிப்பை இடுவதானால் அது ஒரே துண்டாக இருத்தல் வேண்டும். மூலைகளை வெட்டாமல் மடித்து, ஓரங்களை மேலே உயர்த்தி, விளிம்பில் மட்டும் ஆணி அடிக்கலாம். அடியில் ஓர் ஆணித்துளை இருந்தாலும் கவசம் பயனற்றதாகிவிடும். பேட்டரி உடைந்தாலும் அதன் திரவம் முழுவதையும் கொள்ளும் அளவுக்கு ஓரங்கள் உயர்ந்திருப்பது நலம்.

கீழே அடைப்பு எவ்வளவு தேவையோ, மேலே திறப்பும் அவ்வளவு தேவை. மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடும். அது காற்றைவிட இலேசானது. ஆகவே பெட்டியின் மேற்பகுதியில் துளைகள் விட வேண்டும். அருகில் விளக்கோ ஊதுவத்தியோ ஏற்றலாகாது.

அமிலம் சிந்திவிட்டால் இன்வெர்ட்டரை நிறுத்தி, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆப்பசோடாவைத் தூவுங்கள். நுரை எழுவது நின்றபின் துடைத்தெடுக்கலாம். பேட்டரியின் உள்ளே சோடா விழாதபடி காத்துக்கொள்ளுங்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண் என்றால் உடனே மருத்துவரை நாடுங்கள்.

அடுத்தமுறை வடிநீர் ஊற்றும் நாளில், பேட்டரியின் அடியில் ஈரம் உள்ளதா என்று கைவிளக்கால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.