கூத்தாடினால் சோறு கிடைக்குமா?



பெங்களூரில் எங்கள் எழுத்தறிவு வகுப்பு இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும். கட்டட வேலை, வீட்டு வேலை, ஊதுவத்தி உருட்டும் வேலை செய்யும் அக்காக்கள்தான் அதிகம் வருவார்கள்.

ஒரு நாள் ஓர் அக்கா நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் கட்டட வேலை செய்பவர்.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்ன? என் பொண்ணு பன்னிரண்டாவது முடிச்சிட்டா. நாடகமும் டான்ஸும் கத்துக்கிட்டு, அதையே தொழிலா வெச்சுக்கப் போறேங்கறா. கூத்தாடினா சோறு கிடைக்குமா? நீயே சொல்லும்மா" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். நாலு பேரிடம் கேட்டேன். சில புத்தகங்களையும் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்த அக்காவைப் போல யோசிக்கும் பெற்றோர் பலர் இருப்பார்கள் அல்லவா?

இது இழிவான தொழிலா?

"கூத்தாடி" என்ற சொல்லை நாம் வசையாகச் சொல்கிறோம். ஆனால் ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். சிரிக்கிறோம். கண் கலங்குகிறோம். பார்ப்பது நல்லது என்றால், ஆடுவது எப்படிக் கெட்டதாகும்?

எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். கன்னட நடிகர் ராஜ்குமார், குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் இருந்தவர். ரஜினிகாந்த் பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தபோதே நாடகத்தில் நடித்தவர்.

இவர்களின் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் நாடகக் கம்பெனிகளில் திரை இழுத்தவர்களும், வேஷம் போட்டுவிட்டவர்களும், ஆர்மோனியம் வாசித்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் அந்தத் தொழிலில்தான் குடும்பம் நடத்தினார்கள்.

நட்சத்திரம் ஆவது லாட்டரிச் சீட்டு மாதிரி. லட்சம் பேரில் ஒருவருக்கு விழும். அதை நம்பி இறங்கக் கூடாது. மேடைத் தொழிலைக் கற்றுக்கொள்வது வேறு. அது தச்சு வேலை, தையல் வேலை போன்றது. கற்க வேண்டும். பழக வேண்டும். பல ஆண்டுகள் ஆகும்.

மல்லேஸ்வரத்துப் பெண்

இதற்கு நம் பெங்களூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அவர் பெயர் மாயா ராவ்.

அவர் 1928-ஆம் ஆண்டு மல்லேஸ்வரத்தில் பிறந்தார். கட்டுப்பாடான குடும்பம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்கள் மேடை ஏற மாட்டார்கள். அவருடைய அப்பா, உதயசங்கர் என்ற பெரிய கலைஞரின் நடனத்தைப் பெங்களூரில் பார்த்தார். அது அவர் மனத்தை மாற்றியது. தன் பெண்களும் நடனம் கற்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

மாயா ராவ் கற்றது கதக் நடனம். அது வடநாட்டு நடனம். காலில் நிறையச் சலங்கை கட்டி, தாளத்தை மிதித்து, சுழன்று சுழன்று ஆடுவார்கள். முதலில் பெங்களூரில் கற்றார். பிறகு டெல்லி சென்று, சம்பு மகாராஜ் என்ற குருவிடம் கற்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மாஸ்கோ நகருக்குப் போய்ப் படித்தார். அங்கே அவர் படித்தது ஆடுவதை அல்ல. பிறரை ஆட வைக்கும் வித்தையைப் படித்தார். திரும்பி வந்து, 1964-இல் டெல்லியில் அதற்காகவே ஒரு பள்ளி தொடங்கினார். 1987-இல் அந்தப் பள்ளியோடு பிறந்த ஊரான பெங்களூருக்கே வந்துவிட்டார். பல மாணவர்களை உருவாக்கினார். 2013-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2014-இல் 86 வயதில் காலமானார்.

கவனியுங்கள். அவர் வாழ்க்கையில் ஆடியது ஒரு பகுதிதான். கற்றது, கற்பித்தது, ஆட்டத்தை அமைத்தது எல்லாம் சேர்ந்ததுதான் அவர் தொழில்.

ஆட்டம் அமைப்பது என்றால் என்ன?

சினிமாவில் "டான்ஸ் மாஸ்டர்" என்கிறோமே, அவர் செய்வது இந்த வேலைதான்.

வாசலில் கோலம் போடுகிறீர்கள். முதலில் புள்ளி வைக்கிறீர்கள். பிறகு எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு போக வேண்டும் என்று மனத்தில் பார்க்கிறீர்கள். ஆட்டம் அமைப்பவரும் அப்படித்தான். மேடைதான் அவருக்கு வாசல். ஆடுகிறவர்கள்தான் புள்ளிகள். யார் எங்கே நிற்க வேண்டும்? எப்போது நகர வேண்டும்? எப்போது எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும்? இதை எல்லாம் அவர் முடிவு செய்கிறார்.

நாடகத்திலும் இப்படி ஒருவர் உண்டு. அவர் நடனம் சொல்லித் தருவதில்லை. நடக்கவும், உட்காரவும், விழவும் சொல்லித் தருகிறார். கிழவனாக நடிப்பவர் எப்படி எழுந்திருக்க வேண்டும்? அடிபடாமல் எப்படிக் கீழே விழ வேண்டும்? உடம்பின் அசைவைக் கற்றுத் தருவதே அவர் வேலை.

இதை நான் எங்கள் வகுப்பிலேயே பார்த்தேன். எழுத்தறிவு இயக்கத்துக்கும் நாடகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1990-ஆம் ஆண்டு பாரத ஞான விஞ்ஞான ஜாதா என்ற கலைப்பயணம் நாடெங்கும் நடந்தது. பாட்டும் தெரு நாடகமும் போட்டுத்தான் மக்களைப் படிக்க அழைத்தார்கள். நாங்களும் அதைப் போலச் சின்ன நாடகம் போடுவோம்.

ஒரு முறை எங்கள் நாடகத்தில் ஒரு தம்பி கட்டடத் தொழிலாளியாக நடித்தான். வெறும் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தான். ஒத்திகை பார்த்த அந்த அக்கா சிரித்துவிட்டார்.

"சாந்துச் சட்டியை இப்படியா தூக்குவாங்க? கழுத்து ஆடக் கூடாது. இடுப்புதான் ஆடணும். கண்ணு கீழே பார்க்காது. கால்தான் சாரத்தைத் தேடணும்" என்றார். எழுந்து நடந்து காட்டினார்.

தலையில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கு அந்தச் சுமை தெரிந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். தம்பி அதைப் பார்த்துப் பழகினான். நாடகம் நடந்த அன்று, வேலைக்குப் போய் வந்த ஜனங்கள் அந்த இடத்தில் கை தட்டினார்கள்.

அக்காவிடம் நான் பிறகு சொன்னேன்: "நீங்கள் அன்று செய்தீர்களே, அந்த வேலையைத்தான் உங்கள் மகள் கற்க விரும்புகிறாள்." அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் மகளை மறுநாள் வகுப்புக்குக் கூட்டி வந்தார்.

மேடையில் எத்தனை வேலை!

பெங்களூர் ஜே.பி. நகரில் ரங்க சங்கரா என்ற நாடக அரங்கம் இருக்கிறது. சங்கர் நாக் என்ற கன்னட நடிகர் 1990-இல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய நினைவாக, மனைவி அருந்ததி நாக் பலருடன் சேர்ந்து பாடுபட்டு 2004-இல் இதைத் திறந்தார். பல மொழி நாடகங்கள் இங்கே நடக்கின்றன. நாடகம் தொடங்கிய பிறகு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட் இருந்தாலும் விட மாட்டார்கள். மேடைக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை அது.

ஒரு நாடகம் நடக்க எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? நடிப்பவர்கள் மட்டும் போதாது. எழுதுபவர், இயக்குபவர், அசைவு சொல்லித் தருபவர், பாட்டுக்காரர், மேளக்காரர் வேண்டும். விளக்குப் போடுபவர், துணி தைப்பவர், ஒப்பனை செய்பவர், மேடை கட்டும் தச்சர் வேண்டும். டிக்கெட் விற்பவரும், கணக்கு எழுதுபவரும் வேண்டும். மேடைக்கு வர விரும்பும் பிள்ளை இதில் இரண்டு வேலையாவது கற்றுக்கொள்வது நல்லது. நடிக்க வாய்ப்பு இல்லாத மாதத்தில் விளக்கு வேலை சோறு போடும்.

எங்கே கற்கலாம்?

கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்ற சின்ன ஊர் உண்டு. அங்கே நீநாசம் என்ற நாடக அமைப்பு 1949-இல் தொடங்கியது. கே.வி. சுப்பண்ணா அதை வளர்த்தார். 1980-இல் நாடகப் பள்ளியும் வந்தது. கன்னடத்தில் சொல்லித் தருகிறார்கள். அவர்களின் திருகாட்டம் என்ற குழு ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. நாடகம் பெரிய நகரத்தில்தான் வாழும் என்பது பொய் என்று அந்த ஊர் காட்டியது.

டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளிக்குப் பெங்களூரிலும் ஒரு மையம் இருக்கிறது.

நடனத்துக்கு, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் நிருத்தியகிராமம் இருக்கிறது. பெயருக்கு "நடன கிராமம்" என்று பொருள். புரோதிமா பேடி 1990-இல் இதைத் தொடங்கினார். மாணவர்கள் அங்கேயே தங்கிக் கற்கிறார்கள். புரோதிமா ஒடிசி நடனம் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. "இந்த வயதில் உடம்பு வளையுமா?" என்ற சந்தேகத்தை மீறிக் கற்றார். நாற்பது வயதில் "அ" எழுதிய நமக்கு இது புதிதல்லவே! அவர் 1998-இல் யாத்திரை போனபோது மலைச்சரிவில் இறந்தார். அவர் தொடங்கிய கிராமம் இன்றும் நடக்கிறது.

18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய அரசு உதவித்தொகை தருகிறது. ஏற்கெனவே சில ஆண்டுகள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். தேர்வும் உண்டு. விவரத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பணம் வருமா?

உண்மையைச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். ஒரு நாடகத்துக்குப் பல வாரம் ஒத்திகை நடக்கும். பல குழுக்கள் ஒத்திகைக்குப் பணம் தருவதில்லை. ஒரு மாதம் கை நிறைய வரும். அடுத்த மாதம் ஒன்றும் வராது.

அப்படியானால் எப்படி வாழ்கிறார்கள்? பெரும்பாலோர் கற்பிக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் நாடகம், நடனம் சொல்லித் தருகிறார்கள். மாலையில் வகுப்பு எடுக்கிறார்கள். ஆண்டு விழாக்களுக்கு ஆட்டம் அமைத்துத் தருகிறார்கள். மாயா ராவும் பள்ளி நடத்தியவர்தானே?

உடம்புதான் இந்தத் தொழிலுக்கு முதலீடு. ஆடுவதற்கு முன் உடம்பைச் சூடாக்கிப் பழக வேண்டும். முழங்காலில் வலி வந்தால் மறைக்கக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். முழங்கால் போனால் ஆட்டம் போகும். அப்போது கைகொடுப்பது படிப்பும் இன்னொரு வேலையும்தான். எனவே பள்ளிப் படிப்பையோ கல்லூரிப் படிப்பையோ பாதியில் விட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன்

எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு குழுவில் ஆடினான். மூன்று நிகழ்ச்சிக்குப் பணம் வரவில்லை. கேட்டதற்கு, "நாங்கள் எப்போது தருகிறோம் என்றோம்?" என்றார்களாம். அவனிடம் எழுத்து ஒன்றும் இல்லை. எழுதாத கணக்கு ஏழைக்கு எதிரான கணக்கு.

எனவே பெற்றோர் செய்ய வேண்டியவை இவை:

1. பயிற்சி நடக்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பழைய மாணவர்களிடம் பேசுங்கள்.

2. கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம், பாதியில் நின்றால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள்.

3. பெண் பிள்ளைகள் இரவு எப்படித் திரும்புவார்கள் என்று கேளுங்கள். தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல இடத்தில் நல்ல பதில் கிடைக்கும்.

4. நிகழ்ச்சிக்குப் பணம் எவ்வளவு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள்.

5. நோட்டீஸ், சான்றிதழ், படம், பத்திரிகைச் செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். வயதான, வசதியில்லாத கலைஞர்களுக்கு மத்திய அரசும் கர்நாடக அரசும் மாத உதவித்தொகை தருகின்றன. அதைக் கேட்கும்போது இந்தக் காகிதங்கள்தான் சாட்சி.

அந்த அக்கா என்ன செய்தார்?

மகளோடு சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனார். விண்ணப்பத்தைக் கொடுத்ததும், "இங்கே கைநாட்டு வையுங்கள்" என்றாராம் அங்கிருந்தவர். அக்கா கைநாட்டு வைக்கவில்லை. "கொஞ்சம் இருங்க சார், படிச்சிட்டுப் போடறேன்" என்றாராம். எழுத்துக் கூட்டி, இரண்டு பக்கத்தையும் படித்திருக்கிறார். அரை மணி நேரம் ஆனதாம். புரியாத இரண்டு வரிகளை மகளிடம் கேட்டாராம். கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மகளுக்கு இந்தத் தொழில் கைகொடுக்குமா? இப்போதே சொல்ல முடியாது. அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் பயம் இருக்கிறது. "ரெண்டு வருஷம் பார்க்கலாம். கூடவே காலேஜும் போகணும்னு சொல்லிட்டேன்" என்கிறார். அதுவும் சரிதான்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊரில் கூத்து, கரகம், ஒயில், தப்பாட்டம் தெரிந்தவர் யார்? அவருக்கு அந்தக் கலையால் வருமானம் வருகிறதா? கேட்டு வந்து வகுப்பில் சொல்லுங்கள்.

2. நீங்கள் செய்யும் வேலையில் உடம்பு எப்படி அசைகிறது? கையில் ஒன்றும் இல்லாமல் அதை நடித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் என்ன வேலை என்று கண்டுபிடிக்கட்டும்.

3. உங்கள் பிள்ளை இந்தத் தொழிலுக்குப் போக விரும்பினால், பயிற்சிப் பள்ளியில் என்ன கேட்பீர்கள்? ஐந்து கேள்விகளை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.