காற்று ஓய்ந்தபின் வருபவை

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், ஓரிரு நாளில் கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போய்விட்டது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கூரைகள் பறந்து கிடந்தன. தலைமுறையாக வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. புயல் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்த அதே நாளில் வீடுகளிலும் கொல்லைகளிலும் இன்னொரு படையெடுப்பு தொடங்கியிருந்தது. கொசு, கரையான், அரிசி வண்டு, தென்னை வண்டு என்று ஒவ்வொன்றும் தன் முறைக்காகக் காத்திருந்தது.

புயலுக்கு முன்பு என்ன செய்ய வேண்டும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பதை வைத்தே கடலோரக் கிராமத்துக்காரர்கள் நிலைமையைக் கணித்துவிடுவார்கள். மெழுகுவத்தி, பால் பவுடர், செல்போன் சார்ஜ் எல்லாம் தயாராகிவிடும். காற்று திடீரென்று நின்றால் வெளியே போகக் கூடாது, அது புயலின் கண், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும் என்பதும் பலருக்கும் பாடமாகிவிட்டது. ஆனால் புயலுக்குப் பிந்தைய நாட்களுக்கு அப்படி ஒரு பாடம் நம்மிடம் இல்லை. கண்ணில் பட்டதை முதலில் சரிசெய்கிறோம். பூச்சி ஒவ்வொன்றும் முட்டையிலிருந்து வளர்ந்து வர எத்தனை நாள் எடுக்கும் என்பதைப் பார்த்து வேலைகளை வரிசைப்படுத்தினால், வரப்போகும் தொல்லையில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் இரவு வருபவை வெள்ளத்தில் வீடு இழந்தவை. புற்றில் தண்ணீர் புகுந்ததும் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேடு தேடும். நம் சுவரும் பரணும்தான் அவற்றுக்குக் கிடைக்கும் மேடு. பூரானும் தேளும் ஈரத் துணிக் குவியலுக்குள் பதுங்கும். ஆகவே நனைந்த துணியையும் பாயையும் தரையில் குவித்துவைக்காமல் கொடியில் போட்டுவிடுவது நல்லது, காயாவிட்டாலும் பரவாயில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் எரியும் ஒற்றை விளக்கைத் தேடி வரும் பூச்சிகளில் ஒன்றை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரை அங்குலத்துக்கும் குறைவான நீளம், மெலிந்த உடல், செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். எறும்பு என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஒரு வகை வண்டு. கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் ஊரும்போது அடித்து நசுக்கினால் அதன் உடல் நீர் பட்ட இடம் மறுநாள் சுட்ட புண்போலக் கொப்புளிக்கும். ஊதித் தள்ளிவிட வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவும் வரை கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. நெல்வயலில் பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் நல்ல ஜீவன் அது. விளக்குதான் அதை நம்மிடம் இழுத்துவருகிறது. சன்னலருகே விளக்கை வைக்காமல் இருந்தாலே பாதிக்கு மேல் உள்ளே வராது.

கொசுவின் கதை வேறு. பெருமழை ஏற்கெனவே தேங்கியிருந்த நீரை, அதிலிருந்த புழுக்களோடு சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் முதல் சில நாட்களுக்குக் கொசு குறைந்ததுபோலவே இருக்கும். அந்த அமைதியை நம்பக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். நாம் கூரை வேயவும் நிவாரண வரிசையில் நிற்கவும் செலவழிக்கும் அந்த முதல் வாரம்தான் கொசுவுக்கும் முதல் வாரம்.

தண்ணீர் தேங்கும் இடங்களையும் புயலே உண்டாக்கித் தருகிறது. மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி பறந்துபோயிருக்கும். மொட்டைமாடியின் வடிகுழாய் இலையால் அடைபட்டிருக்கும். பிய்ந்த கூரைமேல் போர்த்திய தார்ப்பாயின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கை நீர் நிற்கும். விழுந்த பாளையும் இளநீர்க் கூடும் கொல்லையெங்கும் கிண்ணங்களாகக் கிடக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரியது மின்வெட்டு. கஜாவுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாது, ஆகவே கிடைத்த தண்ணீரைக் குடம், அண்டா, டிரம் என்று எல்லாவற்றிலும் பிடித்துவைத்தார்கள். ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அதற்குச் சாக்கடை பிடிக்காது. வீட்டுக்குள் இருக்கும் தெளிந்த நீர்தான் வேண்டும்.

பாத்திரத்து நீரைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீரில் போடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டவைக்கிறது. தண்ணீர் வற்றிய பிறகும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; அடுத்த முறை நீர் ஏறியதும் பொரிக்கும். எனவே வாரம் ஒரு நாள், தேங்காய் நார் கொண்டு உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். மூடி போன தொட்டிக்கு வேட்டித் துணியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டினாலே போதும். தெருவோரம் ப்ளீச்சிங் பவுடரைக் கோலம்போல் தூவிவிட்டுப் போவதால் கொசு ஒன்றும் சாவதில்லை. புகை அடித்தால் அப்போது பறந்துகொண்டிருப்பவை சாகும். அண்டாவுக்குள் வளரும் புழுவுக்கு அதனால் எதுவும் ஆகாது. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு என்பதால், பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும்.

அடுக்களையில் வண்டுத் தொல்லை ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும். வெள்ளநீர் பட்ட தானியத்தைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டியதுதான். நனையாமல் தப்பிய அரிசியும் மழைக்கால ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு வாயை அடைத்துவிடுவதால் நாம் பார்க்கும்போது அரிசி சுத்தமாகவே தெரியும். வெயில் திரும்பிய முதல் நாளிலேயே அரிசியையும் பயறையும் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறியபின் டப்பாவில் அடைக்க வேண்டும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டுவைக்கும் பழக்கமும், துவரைக்குச் செம்மண் கட்டும் பழக்கமும் நம் வீடுகளில் முன்பே உள்ளவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியத்துக்குள் செருகும் ஒரு துளைக்குழாய்ப் பொறியை உருவாக்கியிருக்கிறது. காற்றோட்டம் தேடி நகரும் வண்டுகள் துளை வழியாகக் குழாய்க்குள் விழுந்து அடியில் சேர்ந்துவிடும். மூட்டைக் கணக்கில் நெல்லோ அரிசியோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

கரையானுக்கு அவசரமே கிடையாது. நனைந்து ஊறிய சுவர், சுவரை ஒட்டி அடுக்கிய உடைந்த மரம், பீரோவுக்கடியில் ஈரம் காயாத காகிதம், இவை போதும் அதற்கு. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையை அடித்தபோது சாய்ந்த மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அறுத்த கட்டைகளை எங்கே வைப்பது என்பதே ஒரு பெரிய பிரச்சினை. காம்பவுண்டு சுவரோரம் வைப்பது எளிது. ஆனால் மண்ணிலிருந்து வீட்டுக்கு ஏற கரையானுக்கு அதுவே படிக்கட்டு. சுவரில் பென்சில் பருமனுக்கு மண் வரி ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். அதில் ஒரு துண்டை உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்து, மறுபடி பூசி மூடியிருந்தால் உள்ளே நடமாட்டம் உண்டு என்று பொருள். மண்ணெண்ணெய் ஊற்றினால் வரியிலிருக்கும் கரையான் விலகும், கூட்டம் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து விளக்குக்கு வரும் ஈசலைப் பற்றிக் கவலை வேண்டாம். அறைக்குள்ளேயே சுவர் வெடிப்பிலிருந்தோ நிலைப்படியிலிருந்தோ ஈசல் புறப்பட்டால் மட்டும் காலம் தாழ்த்தாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். பட்டா, பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் சுவரைத் தொடாத இரும்புப் பெட்டியில் இருக்கட்டும்.

கொல்லையில் நாலு தென்னை வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான கணக்கு இருக்கிறது. புயல் வருகிறது என்றதும் மரத்தின் தலைக்கனத்தைக் குறைக்க மட்டையையும் காயையும் வெட்டச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டினால் அந்தக் காயத்தின் வாடை சிவப்புக் கூன் வண்டைக் கூப்பிடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து சுமார் 120 செ.மீ. அடிமட்டையை விட்டு வெட்ட வேண்டும். காற்றில் முறுகி வெடிப்பு விட்ட மரமும் கூன் வண்டுக்கு அழைப்புத்தான். முட்டையிலிருந்து வரும் புழு தண்டுக்குள்ளேயே குடைந்து வளரும். வெளியே பழுப்பு நிறச் சாறு வடிவதைப் பார்க்கும்போது உள்ளே பாதி மரம் போயிருக்கும். புயலில் தப்பிய மரம் இரண்டு, மூன்று மாதம் கழித்துத் தலை சாய்ந்து நிற்பது இதனால்தான். காயங்களில் தார் பூசிவைப்பது சின்ன வேலை, முதல் வாரத்திலேயே செய்துவிடலாம்.

காண்டாமிருக வண்டு, விழுந்த மரத்தில் பிறந்து, நிற்கும் மரத்தைத் தின்னும். அழுகும் தென்னந்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடும். புழுப் பருவமே மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் நீளும். கார்த்திகையில் சாய்ந்த மரம் அடுத்த ஆடிக்குள் வண்டு வண்டாகக் கொடுக்கும். அவை குருத்தைத் துளைக்கும். குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் விசிறிபோல் வெட்டியதாகத் தெரியும். புதிதாக நட்ட கன்று அதைத் தாங்காது. மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போடுவது, ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசலைப் பானையில் வைத்து வண்டைப் பிடிப்பது, எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலப்பது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேலானது, விழுந்த தண்டை ஊரைவிட்டு அகற்றுவது.

கஜாவுக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணத்தில் ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று 1,100 ரூபாய் ஒதுக்கப்பட்டது. அகற்றுவதற்கென்று தனியாகப் பணம் வைத்தது சரியான யோசனை. ஆனால் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான மரங்கள் கிடக்கும்போது, அறுக்க ஆளும் இழுக்க வண்டியும் வாங்க வியாபாரியும் இல்லாமல் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு தனி ஆள் என்ன செய்வார்? பல தோப்புகளில் மரங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. என் கொல்லையைச் சுத்தமாக வைத்துப் பயனில்லை. பக்கத்துத் தோப்பில் மக்கும் தண்டிலிருந்து வண்டு பறந்து வரும். அதனால் இதை வீட்டுக்கு வீடு விட்டுவிடாமல் ஊர் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மரத்தைத் தூளாக்கும் இயந்திரங்களை ஒன்றியத்துக்கு இத்தனை என்று ஐப்பசிக்கு முன்பே பேசி வைத்துவிடலாம். மரம் விழுந்த கணக்கை எடுக்க வருபவர் எந்தத் தோப்பில் இன்னும் தண்டு கிடக்கிறது என்ற கணக்கையும் பொங்கலுக்குள் ஒருமுறை எடுத்துப் போகலாம். அரிசியும் போர்வையும் வரும் நிவாரண லாரியில் கொசுவலையும், தொட்டி மூடக் கெட்டித் துணியும் ஏற்றி அனுப்பினால் முதல் வாரத்திலேயே அவை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.