கோவா புத்தகம், குவைத் வாசகர்: நடுவில் நிற்கும் எழுத்து

சவேரியார் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊர் வரும் கோவாக்காரர்கள் ஜனவரியில் பெட்டி கட்டிவிடுவார்கள். அதற்குள் பதில் வேண்டும் என்று, வளைகுடாவில் அவர்களோடு வேலை பார்க்கும் நம் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அறை நண்பருக்குக் கொங்கணிப் புத்தகம் வேண்டுமாம். எங்கே வாங்குவது, எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நண்பர் எந்த எழுத்தில் படிப்பார்?

1987-ன் ஆட்சிமொழிச் சட்டப்படி, கொங்கணி என்றால் தேவநாகரியில் எழுதப்படும் கொங்கணி. அரசு அலுவலகத்துக்கு அது வசதியான வரையறைதான். ஆனால் பம்பாய்க்கும் கராச்சிக்கும் நைரோபிக்கும், பிறகு குவைத்துக்கும் இங்கிலாந்தின் ஸ்விண்டனுக்கும் போன கத்தோலிக்கக் குடும்பங்கள் படித்து வளர்ந்தது ரோமன் எழுத்துக் கொங்கணியில். ‘ரோமி’ என்பார்கள். ஜெபப் புத்தகம், 1933 முதல் வரும் ‘வாவ்ராட்யாஞ்சோ இஷ்ட்’ வார இதழ், கப்பல் தொழிலாளர்கள் விரும்பிப் படித்த ‘ரொமான்ஸி’ நாவல்கள் எல்லாம் ரோமிதான்.

ரோமியை ஏதோ அவசரத்துக்கு எழுதிக்கொள்ளும் முறை என்று நினைப்பவர்கள் அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். நாக்கை மடித்துச் சொல்லும் ட, ண, ள ஒலிகளுக்கு ரோமனில் தனி எழுத்து கிடையாது. ரோமி அங்கே எழுத்தை இரட்டிக்கிறது: ஒற்றை ‘டி’ வந்தால் ‘த’, இரண்டு வந்தால் ‘ட’. ‘எக்ஸ்’ எழுத்துக்குப் போர்ச்சுகீசிய வழக்கப்படி ‘ஷ’ ஒலி. இப்படிச் சில விதிகள் தெரிந்தால் போதும், ஸ்விண்டனில் ஆங்கிலம் படிக்கும் குழந்தை பாட்டியின் மொழியை வாய்விட்டு வாசித்துவிடும். தேவநாகரி என்றால் ‘அ’னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ரோமி நேற்று வந்ததும் அல்ல. நம் தமிழ் நூல் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள், பாதிரியார் தாமஸ் ஸ்டீபன்ஸ் எழுதிய கொங்கணி ஞானோபதேச நூல் 1622-ல் கோவாவின் ராஷோலில் ரோமன் எழுத்தில் அச்சானது.

வெளிநாட்டில் வளரும் கோவா இளைஞர்களை ஊருக்கு அழைத்துவந்து சுற்றிக்காட்ட ‘நோ கோவா’ என்ற திட்டத்தை மாநில அரசு வைத்திருக்கிறது. வேர்களோடு இணைப்பதாகச் சொல்கிறார்கள். அந்த இளைஞர்களின் வீடுகளில் படிக்கப்படும் எழுத்துக்குச் சட்டத்தில் இடமில்லாதபோது, இந்த இணைப்பை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. தாமோதர் மாவ்ஜோவின் கொங்கணி நாவல் ‘கார்மெலின்’, குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன கோவாப் பெண்ணின் கதை. 1983-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எழுதப்பட்டது தேவநாகரியில். அவளைப்போலப் போனவர்களில் எத்தனையோ பேருக்குத் தெரிந்தது ரோமி மட்டும்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு: அரசுப் பணத்தில் வரும் ஒவ்வொரு கொங்கணி நூலும் இரண்டு எழுத்திலும் மின்நூலாக வர வேண்டும். எழுத்தை மாற்றுவதில் பெரும்பகுதியைக் கணினியே செய்துவிடும். தேவநாகரியில் ஓங்கி நிற்பது கோவாவின் அந்த்ரூஸ் பக்கத்துப் பேச்சு வழக்கு, ரோமியில் பார்தேஸ், சாஷ்டி வழக்குகள். அதனால் சில சொற்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். நல்ல பதிப்பாசிரியருக்கு அது பெரிய வேலை அல்ல.

மற்றக் கேள்விகள்:

தபாலில் அனுப்பலாமா? அனுப்பலாம், செலவு பல நேரம் புத்தக விலையைத் தாண்டும், விடுமுறை முடிந்து வளைகுடா திரும்புபவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அஞ்சல் துறையின் ‘ஞான் போஸ்ட்’ புத்தகச் சலுகை? 2025 மே மாதம் தொடங்கியது, உள்நாட்டுக்கு மட்டும்.

ஆங்கிலம் போதும் என்றால்? ‘கார்மெலின்’ ஆங்கிலத்தில் உண்டு; கோவாவின் சாலிகாவ் ஊரிலுள்ள ‘கோவா 1556’ பதிப்பகமும் கோவா பற்றி நிறைய ஆங்கில நூல்கள் போட்டிருக்கிறது.

படிக்கவே தெரியாதவருக்கு? தியாத்ர் நாடகப் பதிவு. 1892-ல் பம்பாயில் பிறந்த கலை, எந்த எழுத்தும் வேண்டாம்.

வீட்டில் பழைய ரொமான்ஸி கிடக்கிறது, என்ன செய்ய? எடைக்குப் போடாதீர்கள், அல்டோ பர்வரியில் உள்ள தாமஸ் ஸ்டீபன்ஸ் கொங்கணி கேந்திரத்தில் விசாரியுங்கள்.